உறங்கக் கூடாத நேரத்தில் உறக்கம்: லினக்ஸ் கெர்னலின் தொடக்கக் கட்டப் பிழைவகை ஒன்று குறித்த ஆய்வு

புதிதாக வடிவமைத்த சர்க்யூட் போர்டில் லினக்ஸை முதன்முதலாக ஏற்றும் பொறியாளர்கள் என்றேனும் ஒரு நாள் சந்தித்தே தீரும் செய்தி ஒன்று உண்டு. சீரியல் கன்சோலில் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘பக்: ஸ்லீப்பிங் ஃபங்ஷன் கால்டு ஃப்ரம் இன்வாலிட் கான்டெக்ஸ்ட்’ என்று ஒரு வரி வந்து விழும். அதன்கீழ் நீளமான ஸ்டாக் டிரேஸ் வரும். பிறகு தொடக்கம் வழக்கம்போலத் தொடர்ந்து, லாகின் கேட்டு நிற்கும். இயந்திரம் நன்றாக இயங்குவதாகத்தான் தோன்றும். தோற்றம் அப்படி இருப்பதால் கெர்னல் தரும் எச்சரிக்கைகளில் இதைப் பலர் எளிதில் கடந்துபோகிறார்கள்.

கடந்துபோகக் கூடாத எச்சரிக்கை இது. உறங்கக் கூடாத சூழலில் உறங்கக்கூடிய ஒரு செயல்கூறு அழைக்கப்பட்டிருக்கிறது என்று கெர்னல் சாட்சி சொல்கிறது. இன்று உறக்கம் நேரவில்லை, ஆகவே இயந்திரம் நிற்கவில்லை. சுமை கூடும் ஒரு நாளில், பூட்டு ஒன்றுக்குப் போட்டி எழும் ஒரு கணத்தில் அதே பாதை இயந்திரத்தை உறைய வைக்கும். இந்தப் பிழைவகை எப்படி உருவாகிறது, தொடக்கக் கட்டத்தில் மட்டும் ஏன் தனிக் குணம் கொள்கிறது, எப்படித் தேடுவது, எப்படித் தீர்ப்பது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இதன் முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம்: தொடக்கத்தில் நேரும் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை ஒரு வேலையை உரிய கட்டத்துக்கு முன்போ, உரியதல்லாத சிபியுவிலோ செய்வதால் வருபவை. வேலையை அதன் சரியான கட்டத்துக்கு நகர்த்துவதே நிலைக்கும் தீர்வு.

உறக்கமும் அட்டாமிக் சூழலும்

கெர்னலுக்குள் ஓடும் ஒரு டாஸ்க், தனக்கு வேண்டியது கிடைக்கும்வரை சிபியுவை ஷெட்யூலரிடம் ஒப்படைத்து ஒதுங்கி நிற்பதையே உறக்கம் என்கிறோம். மியூடெக்ஸ் வேறொருவர் கையில் இருந்தால் காத்திருப்பது உறக்கம். ‘ஜிஎஃப்பி கெர்னல்’ என்ற கொடியுடன் நினைவகம் கேட்டு, இடம் காலியாகும்வரை நிற்பது உறக்கம். ‘எம்ஸ்லீப்’ போன்ற தாமத அழைப்புகளும், ஐ2சி பஸ்ஸின் மறுமுனையில் உள்ள சிப்பிலிருந்து பதில் வரும்வரை நிற்பதும் அவ்வகையே.

அட்டாமிக் சூழல் இதற்கு நேர் எதிரானது. எடுத்த வேலையை முடிக்கும்வரை சிபியுவை விட்டுக்கொடுக்க முடியாத நிலை அது. ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கும்போது, இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் இருக்கும்போது, சாஃப்ட்ஐஆர்க்யூ ஓடும்போது, இன்டரப்ட்களையோ பிரீஎம்ப்ஷனையோ (ஓடும் டாஸ்க்கை இடையில் விலக்கி வேறொன்றை ஓட்டுவதை) நிறுத்தி வைத்திருக்கும்போது கெர்னல் அட்டாமிக் சூழலில் இருக்கிறது. ஸ்பின்லாக்குக்காகக் காத்திருப்பவர் உறங்குவதில்லை. பூட்டு விடுபட்டதா என்று ஓயாமல் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருப்பார். ரயில்வே கேட்டை மூடிய கேட்கீப்பர் உறங்கிவிட்டால் இருபுறமும் வண்டிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றுகொண்டே இருக்கும் அல்லவா, அதே நிலைதான் இங்கும். பூட்டைப் பிடித்தவர் உறங்க, அதே சிபியுவில் அதே பூட்டுக்காக இன்னொருவர் சுற்றத் தொடங்கினால், உறங்கியவருக்கு எழுந்துவர சிபியு கிடைக்காது. டெட்லாக் முழுமையாகிவிடும்.

இன்டரப்ட்களை நிறுத்திவைத்த பகுதியில் உறங்கினால் விளைவு வேறு வகையானது. ஷெட்யூலர் ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, தன் வேலையின் முடிவில் இன்டரப்ட்களைத் திறந்துவிடுகிறது. எந்தக் குறுக்கீடும் வரக்கூடாது என்று நம்பி எழுதிய பகுதியின் நடுவில் இன்டரப்ட் நுழைந்துவிடுகிறது. தரவுக் கட்டமைப்பு பாதி மாற்றிய நிலையில் பிறர் கண்ணில் படும். இத்தகைய சிதைவு வெளிப்படும் இடம் அதன் காரணத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும்.

அட்டாமிக் சூழலைக் கெர்னல் ஓர் எண்ணில் பதிந்து வைக்கிறது. பிரீஎம்ப்ட் கவுன்ட் எனப்படும் அதன் கீழ் 8 பிட்கள் பிரீஎம்ப்ஷன் எத்தனை அடுக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதையும், அடுத்த 8 பிட்கள் சாஃப்ட்ஐஆர்க்யூ நிலையையும், அதற்கடுத்த 4 பிட்கள் ஹார்ட்வேர் இன்டரப்ட் நிலையையும், மேலும் 4 பிட்கள் மறைக்க முடியாத இன்டரப்ட் நிலையையும் குறிக்கின்றன. பிரீஎம்ப்ஷன் இல்லாமல் கட்டமைத்த கெர்னலில், எண்ணிக்கை வசதியும் சேர்க்கப்படாதிருந்தால், ஸ்பின்லாக்கைப் பிடிப்பது இந்த எண்ணை மாற்றாது. அங்கே பூட்டு கையில் இருப்பது கெர்னலுக்கே தெரியாது. இந்த உண்மை பின்னால் பலமுறை தேவைப்படும்.

கண்டறியும் கருவியின் வளர்ச்சி

இப்பிழையைக் கண்டறியும் ‘மைட் ஸ்லீப்’ என்ற சோதனை, 2002-இல் 2.5 வளர்ச்சித் தொடரின்போது கெர்னலுக்குள் வந்தது. பிரீஎம்ப்டிபிள் கெர்னல் வசதி சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயலன்று. பிரீஎம்ப்ஷனுக்காக வைத்த எண்ணிக்கைதான் இந்தச் சோதனைக்கும் ஆதாரம். அன்றைய செய்தி ‘இல்லீகல் கான்டெக்ஸ்ட்’ என்று கூறியது. பின்னர் அது ‘இன்வாலிட் கான்டெக்ஸ்ட்’ ஆனது.

உறங்கக்கூடிய செயல்கூறுகளின் தொடக்கத்திலேயே இந்தச் சோதனை வைக்கப்பட்டுள்ளது. மியூடெக்ஸ் காலியாக இருந்து உடனே கிடைத்துவிடும் நிலையிலும் சோதனை நடக்கும். உறக்கம் உண்மையில் நேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. உறங்க வாய்ப்புள்ள அழைப்பு தவறான சூழலில் வந்ததா என்று மட்டுமே பார்க்கிறது. ஆயிரத்தில் ஒருமுறை மட்டும் இயந்திரத்தை உறைய வைக்கும் பிழையை முதல் ஓட்டத்திலேயே காட்டிக்கொடுக்கும் ஆற்றல் அதற்கு இதனால்தான் கிடைக்கிறது.

இதற்கு உடன்பிறப்பாக இன்னொரு சோதனை ஷெட்யூலருக்குள் இருக்கிறது. அட்டாமிக் சூழலில் ஒருவர் உண்மையாகவே உறங்க முயன்றால் ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ என்ற செய்தி வரும். முன்னது வரப்போகும் ஆபத்தைச் சொல்வது. பின்னது நடந்துவிட்டதைச் சொல்வது. தொடக்கப் பதிவில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால், போட்டியுள்ள பாதை உண்மையில் எட்டப்பட்டுவிட்டது என்று பொருள்.

‘மைட் ஸ்லீப்’ சோதனையைக் கெர்னல் கட்டமைப்பில் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’ என்ற விருப்பத்தால் இயக்க வேண்டும். 2011 வரை அதன் பெயர் ‘டீபக் ஸ்பின்லாக் ஸ்லீப்’. இந்த விருப்பத்தைத் தேர்ந்தால் எண்ணிக்கை வசதியும் தானே சேர்ந்துகொள்ளும். ஆகவே எந்தப் பிரீஎம்ப்ஷன் வகையிலும் ஸ்பின்லாக் பிடித்திருப்பது தெரிந்துவிடும். வேகத்தை முன்னிட்டு விற்பனைக்குப் போகும் கெர்னல்களில் இதை அணைத்துவைப்பது வழக்கம். அணைத்த கெர்னலில் பிழை மறைவதில்லை, செய்திதான் மறைகிறது.

தொடக்கக் கட்டத்தின் தனி விதிகள்

தொடக்கத்தின்போது கெர்னல் எல்லா நேரமும் ஒரே சட்டத்தில் இயங்குவதில்லை. குறைந்தது நான்கு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கட்டம் ‘ஸ்டார்ட் கெர்னல்’ செயல்கூறின் முற்பகுதி. ஒரே சிபியு, ஒரே டாஸ்க், இன்டரப்ட்கள் நிறுத்தப்பட்டிருக்கும். நினைவக ஒதுக்கீடு, ஷெட்யூலர், இன்டரப்ட் கட்டுப்பாடு, கடிகாரம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக இங்கே உருவாகின்றன. உறங்கினால் ஓட வேறு டாஸ்க் கிடையாது. எழுப்ப டைமர் இன்டரப்ட்டும் கிடையாது. எனினும் இங்கு அழைக்கப்படும் பல செயல்கூறுகள் மியூடெக்ஸ் எடுக்கின்றன, ‘ஜிஎஃப்பி கெர்னல்’ கொடியுடன் நினைவகம் கேட்கின்றன. இவை தொல்லை தராததற்கு இரண்டு ஏற்பாடுகள் காரணம். போட்டிக்கு ஆளே இல்லாததால் மியூடெக்ஸ் உடனே கிடைக்கிறது. நினைவகத்தைப் பொறுத்தவரை, 2009-இல் வந்த ஒரு முகமூடி, ஷெட்யூலர் முழுமையாக அமையும்வரை உறக்கத்துக்கு வழிவகுக்கும் கொடிகளைச் சத்தமின்றி நீக்கிவிடுகிறது. எழுதியவர் கேட்டது உறங்கக்கூடிய ஒதுக்கீடு. கெர்னல் கொடுப்பது உறங்காத ஒதுக்கீடு. இந்தச் சலுகை நன்மைதான். ஆனால் அதே நிரல் பின்னொரு கட்டத்தில் ஓடும்போது சலுகை இருக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் கட்டம் இன்டரப்ட்கள் திறக்கப்பட்ட பிறகு, முதல் டாஸ்க்குகள் பிறப்பதற்கு முன். இங்கும் உறங்க வழியில்லை. இந்த இரண்டு கட்டங்களிலும் ‘மைட் ஸ்லீப்’ சோதனை வேண்டுமென்றே மௌனமாக இருக்கும். ஆனால் ஷெட்யூலருக்குள் உள்ள சோதனைக்கு அந்த மௌனம் இல்லை. மிகத் தொடக்கத்தில் யாராவது உண்மையாகவே உறங்க முயன்றால் ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ செய்தி அங்கேயே வரும்.

மூன்றாம் கட்டம் பிஐடி 1 கொண்ட இனிட் டாஸ்க்கும், பிஐடி 2 கொண்ட கெதிரெட்டியும் பிறந்த பின் தொடங்குகிறது. டிரைவர்களின் தொடக்கச் செயல்கூறுகளான இனிட்கால்கள் வரிசை வரிசையாக ஓடுவது இங்கேதான். இது இயல்பான டாஸ்க் சூழல், உறங்கலாம். ஆயினும் ஒரு டிரைவர் தனக்குள் ஸ்பின்லாக் பிடித்துக்கொண்டு உறங்கும் செயல்கூறை அழைத்தால் பிழை பிழைதான். 2017-க்கு முன்பு, தொடக்கம் முழுவதும் முடிந்த பிறகே சோதனை உயிர்பெற்றது. அதனால் டிரைவர்களின் தொடக்கப் பகுதியில் இருந்த பிழைகள் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடந்தன. தாமஸ் கிளைக்ஸ்னர் அவ்வாண்டு செய்த மாற்றம் ‘சிஸ்டம் ஷெட்யூலிங்’ என்ற புதிய நிலையைச் சேர்த்து, ஷெட்யூலர் வேலைசெய்யத் தொடங்கும் கணத்திலேயே சோதனையை எழுப்பியது. 4.13 பதிப்புக்கு மாறியவுடன் பழைய டிரைவரிலிருந்து புதிய எச்சரிக்கை வந்திருந்தால், கெர்னல் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. நெடுநாள் பிழை வெளிச்சத்துக்கு வந்தது என்றே பொருள்.

நான்காம் கட்டம் பிற சிபியுக்களை எழுப்புவது; காலவரிசையில் இது டிரைவர்களின் இனிட்கால்களுக்கு முன்பே நடக்கிறது. புதிதாக எழும் சிபியு தன் முதல் அடிகளை இன்டரப்ட்களும் பிரீஎம்ப்ஷனும் நிறுத்தப்பட்ட நிலையில் எடுத்துவைக்கிறது. சிபியு ஹாட்பிளக் கட்டமைப்பில் ‘ஸ்டார்ட்டிங்’ பிரிவில் பதிவான செயல்கூறுகள் அனைத்தும் இந்த நிலையில், அந்தப் புதிய சிபியுவிலேயே ஓடுகின்றன. ‘பிரிப்பேர்’ பிரிவில் பதிவானவை, ஏற்கெனவே இயங்கும் சிபியுவில், உறங்க அனுமதி உள்ள சூழலில் ஓடுகின்றன. நுட்பமான பிழைகளில் பல, ‘பிரிப்பேர்’ பிரிவில் செய்ய வேண்டியதை ‘ஸ்டார்ட்டிங்’ பிரிவில் செய்ததால் வந்தவை.

செய்தியை வாசிக்கும் முறை

செய்தியின் முதல் வரி சோதனை எங்கே நடந்தது என்று சொல்லும். அது பெரும்பாலும் மியூடெக்ஸ் கோப்பின் ஒரு வரியாகவோ, நினைவக ஒதுக்கீட்டின் ஒரு வரியாகவோ இருக்கும். அந்தக் கோப்பில் பிழை இருக்காது. அடுத்த வரியில் ‘இன் அட்டாமிக்’, ‘ஐஆர்க்யூஸ் டிஸேபிள்ட்’, ‘நான் பிளாக்’, பிஐடி, பெயர் ஆகியவை வரும். விடைக்கான சாவி இங்கே இருக்கிறது.

‘இன் அட்டாமிக்’ 1, இன்டரப்ட் மதிப்பு 0 என்றால் யாரோ ஸ்பின்லாக் பிடித்திருக்கிறார்கள், அல்லது பிரீஎம்ப்ஷனை நிறுத்தியிருக்கிறார்கள். ‘இன் அட்டாமிக்’ 0, இன்டரப்ட் நிறுத்தப்பட்டது என்றால் இன்டரப்ட்களை மட்டும் நேரடியாக நிறுத்திய இடத்தைத் தேட வேண்டும். இரண்டுமே இருந்தால் இன்டரப்ட் நிறுத்தும் வகை ஸ்பின்லாக்கை முதலில் சந்தேகிக்கலாம். ஆர்ம் இயந்திரங்களில் இன்டரப்ட் மதிப்பு 128 என வருவது கண்டு குழம்ப வேண்டாம். பிராசஸரின் நிலைப் பதிவேட்டில் உள்ள பிட் அப்படியே அச்சாவதுதான் அது. எக்ஸ்86-இல் அதே நிலை 1 என வரும்.

பெயர் ‘ஸ்வாப்பர்/0’ என்றும் பிஐடி 0 என்றும் இருந்தால் முதல் சிபியுவின் ஆதி டாஸ்க். அதே பெயருடன் பிஐடி 1 இருந்தால் அது இனிட்கால்களை ஓட்டும் டாஸ்க்; பிறக்கும்போது பெற்ற பெயரை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ‘ஸ்வாப்பர்/3’, பிஐடி 0 என்றால் மூன்றாம் எண்ணுள்ள சிபியு எழும் பாதை. பெயரை மட்டும் பார்த்துவிட்டு பிஐடியைப் பார்க்காதவர்கள் தவறான கட்டத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ செய்தியில் பெயர், பிஐடி ஆகியவற்றுக்குப் பின் பிரீஎம்ப்ட் கவுன்ட் பதினறும எண்ணாக வரும். 00000002 என்றால் இரண்டு பேர் நிறுத்தினார்கள் என்று கொள்ளக் கூடாது. அவற்றில் ஒன்று ஷெட்யூலர் தானே சேர்த்துக்கொண்டது. வெளியிலிருந்து வந்தது ஒன்றுதான்.

ஸ்டாக் டிரேஸை மேலிருந்து கீழாக, அதாவது சோதனை நடந்த இடத்திலிருந்து அழைத்தவர்களை நோக்கி வாசிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இந்தச் செயல்கூறு உறங்கலாம் என்று எண்ணி எழுதப்பட்டதா, கூடாது என்று எண்ணி எழுதப்பட்டதா? இரண்டு எண்ணங்களும் முட்டிக்கொள்ளும் படியில்தான் பிழை இருக்கிறது.

தேடலின் ஒழுங்கு

முதல் வேலை போதிய கருவிகளுடன் கெர்னலை மீண்டும் கட்டுவது. ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’ உடன் ‘டீபக் பிரீஎம்ப்ட்’ விருப்பத்தையும் சேர்த்தால், செய்தியின் அடியில் பிரீஎம்ப்ஷன் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்ற முகவரியும் வரும். பாதித் தேடல் அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். 2006-இல் 2.6.18 பதிப்புடன் வந்த, பூட்டுகளின் பயன்பாட்டைக் கண்காணிக்கும் லாக்டெப் இயக்கத்தில் இருந்தால், அந்த டாஸ்க் கையில் வைத்திருக்கும் பூட்டுகளின் பட்டியலும், ஒவ்வொன்றும் எங்கே எடுக்கப்பட்டது என்பதும் கிடைக்கும்.

இரண்டாவது, முதல் செய்தி கண்ணில் படச் செய்வது. இதற்கு ஒரு காரணம் உண்டு. ‘மைட் ஸ்லீப்’ சோதனை நொடிக்கு ஒரு செய்திக்கு மேல் அச்சிடாது. தொடக்கக் கட்டத்தில் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான செயல்கூறுகள் ஓடி முடிந்துவிடும். ஆகவே முதல் பிழையின் செய்தி அடுத்தவற்றின் செய்திகளை மூடிவிடக்கூடும். முதலாவதைத் தீர்த்தபின் புதிதாக இன்னொன்று முளைத்தால், நம் திருத்தம் அதை உண்டாக்கியதாக அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அது முன்பே இருந்து, வாய் திறக்க முடியாமல் நின்றிருக்கலாம். ஒன்றைத் தீர்த்து, மீண்டும் ஓட்டி, மௌனம் வரும்வரை தொடர்வதே ஒழுங்கு.

மூன்றாவது, கட்டத்தை அடையாளம் காண்பது. ‘எர்லிகான்’ அளவுருவைத் தந்தால் கன்சோல் டிரைவர் எழுவதற்கு முன்பே செய்திகள் வெளிவரும். ‘இனிட்கால் டீபக்’ தந்தால் ஒவ்வொரு இனிட்காலும் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு வரி பதிவாகும். சந்தேகத்துக்குரிய இனிட்காலை ‘இனிட்கால் பிளாக்லிஸ்ட்’ அளவுருவால் நிறுத்தி, செய்தி மறைகிறதா என்று பார்க்கலாம்.

இங்கே கெர்னல் தானே செய்யும் ஒரு கண்காணிப்பும் உதவுகிறது. ஒவ்வொரு இனிட்காலுக்கும் முன்னும் பின்னும் பிரீஎம்ப்ட் கவுன்ட்டை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் ‘பிரீஎம்ப்ஷன் இம்பேலன்ஸ்’ என்று எச்சரிக்கும். இன்டரப்ட்களை நிறுத்திவிட்டுத் திறக்காமல் திரும்பினாலும் சொல்லும். பிறகு இரண்டையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். பூட்டை எடுத்து விடாமல் போன டிரைவரின் பழி அடுத்து வரும் டிரைவரின்மேல் விழாமல் காப்பது இந்த ஏற்பாடு. இந்த எச்சரிக்கை பதிவில் இருந்தால் முதலில் அதைத்தான் வாசிக்க வேண்டும்.

நான்காவது, முகவரிகளை மூல நிரல் வரிகளாக மாற்றுவது. கெர்னல் மூலத்துடன் வரும் டிகோட் ஸ்டாக்டிரேஸ் ஸ்கிரிப்ட் இதைச் செய்யும். இன்லைனாக மறைந்துபோன அழைப்புகளும் அப்போது தெரியவரும். போர்டு சாராத பிழையானால் கெமு மெய்நிகர் இயந்திரத்தில் கெர்னலை நிறுத்திவைத்து, ஜிடிபியால் சோதனைச் செயல்கூறில் பிரேக்பாயின்ட் வைத்து, பூட்டின் நிலையை நேரில் பார்க்கலாம். முந்தைய பதிப்பில் இல்லாத பிழையானால் ‘கிட் பைசெக்ட்’ பொறுமைக்கு ஏற்ற பலன் தரும். சோதனையின் விதிகளே பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால், பைசெக்ட் காட்டும் மாற்றம் பிழையைக் கொண்டுவந்ததா, அல்லது மறைந்திருந்ததைக் காட்டியதா என்று தனியே ஆராய வேண்டும்.

மூன்று உண்மை நிகழ்வுகள்

முதலாவது, ஆர்ம்64 இயந்திரங்களில் கேச் விவரங்களைச் சேகரிக்கும் நிரல். 2022-இல் செய்த ஒரு திருத்தம், எழுந்துவரும் ஒவ்வொரு சிபியுவும் தன் கேச் அமைப்பைத் தானே கண்டறிந்து, அதற்கான நினைவகத்தையும் தானே ஒதுக்கும்படி அமைந்தது. ஏசிபிஐ உள்ள இயந்திரங்களில் அந்தப் பாதை ஒரு மியூடெக்ஸையும் தொடும். எழும் சிபியுவில் இன்டரப்ட்களும் பிரீஎம்ப்ஷனும் நிறுத்தப்பட்டிருப்பதால், நிகழ்நேரப் பயன்பாட்டுக்கான பிரீஎம்ப்ட் ஆர்டி கெர்னலில் இந்த எச்சரிக்கை வெளிப்பட்டது. 2023-இல் 6.3 பதிப்பில் தீர்வு வந்தது. டிவைஸ் ட்ரீயிலோ ஏசிபிஐ அட்டவணையிலோ உள்ள விவரங்களைக் கொண்டு, முதன்மை சிபியுவே மற்றவர்களுக்கான நினைவகத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறது. எழும் சிபியு தயாராக உள்ள இடத்தை நிரப்புகிறது, அவ்வளவே. அட்டவணையில் விவரம் இல்லாத இயந்திரங்களில் பழைய பாதையும் எச்சரிக்கையும் எஞ்சியிருந்தன; அவற்றுக்குப் பின்னர் தனித் திருத்தம் தேவைப்பட்டது. தீர்வு வேலையின் இடத்தையும் நேரத்தையும் மாற்றியது, வேலையை மாற்றவில்லை.

இரண்டாவது 2010-ஐச் சேர்ந்தது. ஸ்பின்லாக்கால் கட்டிய பொது வகை ரீட்-ரைட் செமஃபோரின் உள்நிரல், தன் வேலை முடிந்ததும் இன்டரப்ட்களை நிபந்தனையின்றித் திறந்துவிட்டது. வழக்கமான ஓட்டத்தில் அது சரி. ஆனால் இன்டரப்ட்கள் இன்னும் தயாராகாத தொடக்கக் கட்டத்தில் அதே செமஃபோர் பயன்பட்டபோது, திறக்கக் கூடாத கதவு திறந்தது. 2.6.34 பதிப்பில் வந்த திருத்தம் முன்பிருந்த இன்டரப்ட் நிலையைச் சேமித்து, அதையே திருப்பித் தரும்படி மாற்றியது. உறக்கம் நேராமலேயே, உறங்கும் வகைப் பூட்டு தொடக்க ஒழுங்கைக் குலைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, சாம்சங் சிப்களின் கடிகார டிரைவர். பிஎல்எல் சுற்று நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். உறங்கிக் காத்திருக்க முடியாது; கடிகாரத்தை இயக்கும் அழைப்பு அட்டாமிக் சூழலில் வரலாம். நேரம் பார்த்துக் காத்திருப்பதும் இயலாது. கெர்னலின் நேரக் கணக்குக்கான கடிகார மூலமே இன்னும் எழாத கட்டத்தில் இந்த நிரல் ஓடக்கூடும். ஆர்ம்64-இல் அந்நிலையில் ‘யூடிலே’ தாமதத்தையும் நம்ப முடியாது. இறுதியில் எண்ணிக்கை வரம்புள்ள எளிய சுழற்சியைத் தேர்ந்து, ஏன் அப்படி என்ற காரணத்தையும் நிரலிலேயே குறிப்பாக எழுதிவைத்தார்கள். தொடக்கக் கட்டத்தில் உறக்கத்துக்கு மாற்று தேடும்போது அந்த மாற்றும் அப்போது உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்நிகழ்வு தரும் பாடம் அது.

தவறான மருந்துகள்

அவசரத்தில் கைக்கு வரும் முதல் மருந்து, ‘ஜிஎஃப்பி கெர்னல்’ என்பதை ‘ஜிஎஃப்பி அட்டாமிக்’ என மாற்றுவது. செய்தி மறையும். ஆனால் இந்த ஒதுக்கீடு அவசரச் சேமிப்பிலிருந்து எடுக்கிறது, தோற்கவும் கூடும். தோல்வியைக் கையாளும் நிரல் இல்லையெனில் ஒரு பிழையை இன்னொன்றாக மாற்றியதுதான் மிச்சம். பிரீஎம்ப்ட் ஆர்டி கெர்னலில் நினைவக ஒதுக்கீட்டின் உட்பூட்டுகளே உறங்கும் வகை என்பதால், இன்டரப்ட்கள் உண்மையாகவே நிறுத்தப்பட்ட இடத்தில் இந்தக் கொடியும் காப்பாற்றாது.

இரண்டாவது, ‘இன் அட்டாமிக்’ என்று சோதித்து இரண்டு பாதைகளாகப் பிரிப்பது. பிரீஎம்ப்ஷன் இல்லாத கெர்னலில் ஸ்பின்லாக் பிடித்திருப்பதை இந்தச் சோதனை அறியாது. டிரைவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கெர்னலின் தலைப்புக் கோப்பே எச்சரிக்கிறது. அழைப்பவருக்குத் தன் சூழல் தெரியும். அவரே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, உறங்கும் அழைப்புக்கு முன் ஸ்பின்லாக்கை விட்டு, பின் மீண்டும் பிடிப்பது. இடைப்பட்ட நேரத்தில் பூட்டு காத்துவந்த தரவு மாறியிருக்கலாம். மீண்டும் பிடித்தபின் எல்லாவற்றையும் புதிதாகச் சரிபார்க்கும் நிரல் இருந்தால் மட்டுமே இது ஏற்புடையது. நான்காவது, ‘எம்ஸ்லீப்’ இருந்த இடத்தில் ‘எம்டிலே’ வைப்பது. சில மைக்ரோ நொடிகளானால் பொறுக்கலாம். பத்துப் பத்து மில்லி நொடிகளாக இன்டரப்ட்களை நிறுத்திச் சுற்றினால், தொடக்கம் தாமதமாவதோடு மற்ற சாதனங்களும் பசியில் வாடும்.

நிலைக்கும் தீர்வுகள்

முதல் தீர்வு முன்கூட்டிய ஒதுக்கீடு. பூட்டைப் பிடிக்கும் முன்பே நினைவகத்தைப் பெற்று, பூட்டுக்குள் அதை இணைக்க மட்டும் செய்வது. கேச் விவர நிகழ்வின் தீர்வும் இந்த வகையே.

இரண்டாவது, வேலையை இரண்டாகப் பிரிப்பது. கடிகாரக் கட்டமைப்பு இதற்குச் சிறந்த முன்மாதிரி. ‘கிளாக் பிரிப்பேர்’ உறங்கலாம், மியூடெக்ஸ் எடுக்கும். ‘கிளாக் எனேபிள்’ உறங்காது, ஸ்பின்லாக் எடுக்கும். உறங்க முடிந்த இடத்தில் முதலாவதைச் செய்துவைத்தால், அட்டாமிக் சூழலில் இரண்டாவதை அச்சமின்றி அழைக்கலாம். ஜிபிஐஓ கட்டமைப்பும் இதே அறிவை வேறு வடிவில் தருகிறது. ஐ2சி வழியே தொடர்புகொள்ளும் ஜிபிஐஓ சிப்புக்கு ‘கேன்ஸ்லீப்’ என முடியும் அழைப்புகள் தனியே உள்ளன. உறங்க வாய்ப்புண்டு என்பதை அழைப்பின் பெயரே அறிவித்துவிடுகிறது.

மூன்றாவது, வேலையைத் தள்ளிவைப்பது. 2009-இல் 2.6.30 பதிப்புடன் வந்த திரெடெட் இன்டரப்ட் வசதி, இன்டரப்ட் வேலையின் உறங்கக்கூடிய பகுதியைத் தனி டாஸ்க்கில் ஓட்டுகிறது. வொர்க்கியூ வசதியையும் இவ்வாறே பயன்படுத்தலாம். 2016-இல் செய்த மாற்றத்துக்குப் பின் தொடக்கத்தின் மிக முற்பகுதியிலேயே வேலையை வரிசையில் போட்டுவைக்க முடிகிறது. கெர்னல் திரெட்கள் உருவாகும் நேரம் வந்ததும் அது நிறைவேறும்.

நான்காவது, பூட்டின் வகையை மறுபரிசீலனை செய்வது. அந்தத் தரவை இன்டரப்ட் ஹேண்ட்லர் தொடுவதே இல்லையென்றால் ஸ்பின்லாக்குக்குப் பதில் மியூடெக்ஸ் போதும். பழக்கத்தால் ஸ்பின்லாக் போட்ட இடங்கள் டிரைவர்களில் ஏராளம். ஐந்தாவது, சிபியு எழும் பாதையில் ‘ஸ்டார்ட்டிங்’ பிரிவில் உள்ளதை ‘பிரிப்பேர்’ பிரிவுக்கு மாற்றுவது.

ஆர்டி கெர்னலும் நிரல் ஆய்வும்

2024-இல் 6.12 பதிப்பிலிருந்து பிரீஎம்ப்ட் ஆர்டி, பிரதான கெர்னலின் பகுதியாகிவிட்டது. அங்கே சாதாரண ஸ்பின்லாக் உறங்கும் பூட்டாக மாறுகிறது. ரா ஸ்பின்லாக் மட்டுமே பழையபடி சுற்றும். சாதாரண கெர்னலில் குற்றமற்ற நிரல், அதாவது இன்டரப்ட்களை நிறுத்திவிட்டு ஸ்பின்லாக் எடுப்பது, ஆர்டி கெர்னலில் சட்டவிரோத உறக்கமாகிறது. ஆர்டி கெர்னலைத் தொடக்கிப் பார்ப்பதே மறைந்த ஒழுங்கீனங்களுக்கு ஒரு பரிசோதனை எனலாம். அதற்கு முன்னேற்பாடாக 2020-இல் லாக்டெப்புக்குள் காத்திருப்பு வகைச் சோதனை சேர்க்கப்பட்டது. ரா ஸ்பின்லாக்குக்குள் சாதாரண ஸ்பின்லாக்கை அடுக்கினால், ஆர்டி அல்லாத கெர்னலிலேயே அது ‘இன்வாலிட் வெயிட் கான்டெக்ஸ்ட்’ என்று எச்சரிக்கும்.

ஓடும்போது மட்டும் சோதித்தால் ஓடாத பாதைகள் தப்பிவிடும். தோல்வியைக் கையாளும் கிளைகள் பெரும்பாலும் அத்தகையவை. இக்குறையை நிரப்ப நிரலை ஓட்டாமலே ஆராயும் முறைகள் வளர்ந்துள்ளன. 2018-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிரான்சில் பணியாற்றிய ஜூலியா லாவலும் வெளியிட்ட டிசாக் என்ற கருவி, லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி கெர்னல்களிலும் இவ்வகைப் புதிய பிழைகள் 401-ஐக் கண்டறிந்தது. அவற்றுள் 272 பராமரிப்பாளர்களால் உறுதிசெய்யப்பட்டன. அத்தனை ஆண்டுகள், அத்தனை கண்கள் பார்த்த நிரலில் இவ்வளவு எஞ்சியிருந்தன. இப்பிழைவகை கவனக்குறைவு மிக்க சிலரின் தவறு என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே பல கோப்புகள் தூரம் இருக்கும்போது, சூழலைப் பற்றிய அறிவு வழியில் தொலைந்துபோவது அமைப்பு சார்ந்த இடர்.

முடிவுரை

இந்த ஆய்விலிருந்து மூன்று முடிபுகளை உறுதியாகச் சொல்லலாம். சோதனை சுட்டும் வரி, பிழை வெளிப்பட்ட இடம் மட்டுமே; அட்டாமிக் சூழல் தொடங்கிய இடத்தையும் அதன் தேவையையும் கண்டுபிடிக்கும்வரை தேடல் முடிவதில்லை. தொடக்கக் கட்டத்தில் கெர்னல் தரும் மௌனமும் சலுகையும் நிரல் சரி என்பதற்கான சான்றுகள் அல்ல. கொடியை மாற்றிச் செய்தியை அடக்கும் திருத்தத்தைவிட, வேலையை உரிய கட்டத்துக்கும் உரிய சிபியுவுக்கும் நகர்த்தும் திருத்தமே ஆண்டுகள் கடந்து நிற்கிறது. ஆர்டி கெர்னலிலும் நிற்கிறது.

எழுதும்போதே செய்ய வேண்டிய கடமை ஒன்றும் உண்டு. ஒவ்வொரு செயல்கூறின் மேலும் அது உறங்குமா, எந்தச் சூழலில் அழைக்கலாம் என்ற ஒரு வரிக் குறிப்பை எழுதுங்கள். உறங்க வாய்ப்புள்ளதாயின் அதன் முதல் வரியில் ‘மைட் ஸ்லீப்’ சோதனையை வையுங்கள். புதிய போர்டைக் கொண்டுவரும் குழுக்கள் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’, லாக்டெப் இரண்டையும் இயக்கிய கெர்னலை முதல் நாளிலிருந்தே ஓட்ட வேண்டும். இந்த எச்சரிக்கை ஒன்றேனும் தொடக்கப் பதிவில் இருக்கும்வரை, லாகின் திரை வந்துவிட்டது என்ற காரணத்தால் அந்த போர்டை அடுத்த கட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.